ஓட்டுக் கேட்டு முதன்முறை தெருவுக்குப் போகிறவருக்கு

தேர்தல் வந்தால் நமக்குப் பிடித்த வேட்பாளருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். அதற்குக் கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காக அலைந்த ஒருவர் நிற்கலாம், கூடப் படித்தவர் நிற்கலாம், வேட்பாளர் பேசுகிற ஒரு விஷயம் நம் மனதுக்கு நெருக்கமாக இருக்கலாம். ஆனால் "நாளைக்குக் காலையில தெருவுக்குப் போறோம், வந்துடுங்க" என்று கூப்பிட்டதும் வயிற்றைக் கலக்கும். என்ன பேசுவது, எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால் என்ன செய்வது, காசு கேட்டால் என்ன சொல்வது என்று வரிசையாகக் கேள்விகள் வரும். அப்படி முதன்முறை போகிறவருக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலை மனதில் வைத்துச் சொல்கிறேன். உள்ளாட்சித் தேர்தலுக்கும் பெரும்பகுதி பொருந்தும், ஆனால் அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்பதால் அதன் விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் வேலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேடையில் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போவதற்கும் ஆள் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு பூத், அதில் நான்கைந்து தெரு, அதில் இருக்கிற மனிதர்கள். அவர்களில் யார் நம் வேட்பாளருக்குப் போடுவார்கள், யார் இன்னும் முடிவு செய்யவில்லை, யாருக்கு ஓட்டுச்சாவடிக்குப் போவதே சிரமம் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி பேசுவதுதான் தன்னார்வலரின் வேலை. ஊரையே மாற்றிவிட வேண்டும் என்கிற பாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

அந்தச் சின்ன வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்குத் தேர்தல் முடிவுகளே சாட்சி. 2016இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியின் முடிவு 49 ஓட்டு வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்டது. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 2008இல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். ஒரு சட்டமன்றத் தொகுதியில் சாதாரணமாக 200க்கும் மேல் பூத் இருக்கும். 49 ஓட்டு என்றால் நான்கு பூத்துக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. நான்கு பூத்துக்கு ஒரு குடும்பம் கூடுதலாக வந்து போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

நேரில் போவதால் பலன் உண்டா என்பதை ஆராய்ச்சியாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு அரசியல் அறிவியல் பேராசிரியர்கள் வாக்காளர்களைப் பிரித்து, சிலர் வீட்டுக்கு நேரில் ஆள் அனுப்பினார்கள், சிலருக்குத் தபால் அனுப்பினார்கள், சிலருக்குத் தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்தார்கள். நேரில் போய்ப் பேசிய இடத்தில் வாக்குப்பதிவு நன்றாகக் கூடியது. தபாலுக்குப் பலன் கொஞ்சம்தான். கூலிக்கு ஆள் வைத்துச் செய்த தொலைபேசி அழைப்பு எடுபடவே இல்லை. பிறகு நடந்த ஆய்வுகளில், தன்னார்வலரே அவசரப்படாமல் பேசிய அழைப்புகள் ஓரளவு பலன் தந்தன. ஆக, ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் உண்மையாகப் பேசும்போதுதான் வேலை நடக்கிறது. நம் ஊருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால்

கையில் வாக்காளர் பட்டியல் இல்லாமல் தெருவில் இறங்காதீர்கள். அதில் பாகம் எண் (உங்கள் பூத்துக்குரிய பட்டியலின் எண்), வரிசை எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது எல்லாம் இருக்கும். உங்கள் பாகத்தின் பட்டியலை தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலேயே எடுக்கலாம். புதிய பட்டியலா என்று பாருங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. போன தேர்தல் பட்டியலை வைத்துக்கொண்டு போனால் இல்லாத ஆளைத் தேடுவீர்கள், இருக்கிற ஆளை விட்டுவிடுவீர்கள். பெயர் விடுபட்டவர் யாராவது கண்ணில் பட்டால் உடனே படிவம் 6 கொடுக்கச் சொல்லுங்கள். வேட்பு மனு தாக்கலின் கடைசி நாள் தாண்டினால் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாள் பிடிக்கும் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்கவே கூடாது. ஓட்டே இல்லாதவரிடம் எவ்வளவு அழகாகப் பேசி என்ன பிரயோசனம்?

அப்புறம், உங்களுக்கென்று ஒரு காரணம் வேண்டும். "ஏம்மா, நீ ஏன் இவருக்காக வெயில்ல அலையுற?" என்று யாராவது ஒரு பாட்டி கண்டிப்பாகக் கேட்பார். அப்போது வேட்பாளரின் வாழ்க்கைக் குறிப்பை ஒப்பிக்காதீர்கள். "எங்க அப்பாவுக்கு முதியோர் பென்ஷன் நின்னு போச்சு பாட்டி. தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை கூட வந்து வாங்கிக் கொடுத்தார். அவர் நிக்கிறார்னதும் வீட்டுல உக்காந்திருக்க மனசு வரல" என்று உங்களுக்கு நடந்ததை நாலு வரியில் சொல்லுங்கள். நடக்காததைச் சொல்லக் கூடாது. உண்மையான காரணம் சிறியதாக இருந்தாலும் போதும்.

வேட்பாளர் என்ன சொல்கிறார் என்பதையும் மூன்று விஷயங்களுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். தேர்தல் அறிக்கை முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்தத் தெருவுக்குத் தொடர்புள்ளது எது என்று முன்கூட்டியே யோசித்துவிட்டுப் போனால் போதும்.

போகிற நேரம் முக்கியம். காலை 7 மணிக்குச் சமையலும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதுமாக இருக்கிற வீட்டில் நின்று பேசினால் எரிச்சல்தான் மிஞ்சும். கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள், மத்தியானத்துக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்கள். சாயங்காலம் 4 மணியிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை பெரும்பாலான இடங்களுக்குச் சரியாக வரும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கச் செயலாளரிடம் முன்பே பேசி அனுமதி வாங்குங்கள். இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். பகலில் வீட்டில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். இருபது பேர் கூட்டமாக வந்து நின்றால் எந்தப் பெண்ணும் மனம் திறந்து பேச மாட்டார்.

வாசலில்

ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள். தன்னார்வலர் இருபத்தைந்து வயதுப் பெண். வாசலில் பூக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"வணக்கம்மா. நான் பக்கத்துல பெருமாள் கோயில் தெரு. டெய்லர் கடை இருக்கே, அந்த வீடு."

"அட, தையக்கார அண்ணன் பொண்ணா நீ? உக்காரு. என்ன, ஓட்டா?"

"ஆமாம்மா, அதுக்குத்தான் வந்தேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"பேசு, பேசு. ஆனா எல்லாரும் வந்து கும்பிடு போட்டுட்டுத்தான் போறாங்க. ஜெயிச்சப்புறம் எவரு வர்றாரு?"

"சரிதாம்மா நீங்க சொல்றது. வந்தா என்ன கேக்கணும்னு நினைக்கிறீங்க?"

"காலையில எட்டரைக்கு ஒரு டவுன் பஸ் வந்துக்கிட்டு இருந்துச்சு. நிறுத்திட்டாங்க. என் மக காலேஜுக்கு மெயின் ரோடு வரைக்கும் நடந்தே போறா. மழை பேஞ்சா அன்னிக்கு லீவுதான்."

"எவ்வளவு நாளா வரலைம்மா?"

"தீபாவளிக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு."

"இந்தத் தெருவுல இன்னும் யாரெல்லாம் அந்த பஸ்ஸுல போவாங்க?"

அந்த அம்மா இப்போது நான்கு வீட்டின் பெயரைச் சொல்கிறார். தன்னார்வலர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். பிறகுதான் வேட்பாளரைப் பற்றி வாயைத் திறக்கிறார்.

"நான் பஸ் விட்டுடுவேன்னு சொல்ல முடியாதும்மா. அது என் கையில இல்ல. ஆனா இதை எழுதி அவர்கிட்ட கொடுக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம தெருவுக்கு வர்றார். அந்த நாலு வீட்டையும் கூட்டிக்கிட்டு நீங்களே நேரா கேளுங்க. நானும் நிக்கிறேன்."

இந்தப் பேச்சில் பெரும்பகுதி பேசியது வீட்டுக்காரம்மா. தன்னார்வலர் முதலில் தான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னார். நம் ஊரில் அது பாதி வேலையை முடித்துவிடும். வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவருக்கு இந்த வசதி கிடையாது. அதனால்தான் உள்ளூர்க்காரர் ஒருவர் பத்து வெளியூர்க்காரருக்குச் சமம். அந்த அம்மா சலித்துக்கொண்டபோது அதை மறுக்காமல் கேள்வியாகத் திருப்பினார். கடைசியில், முடியாததைத் தருவதாக வாக்குக் கொடுக்காமல் ஒரு நாளைச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை வேட்பாளர் வருகிறாரா என்பதை உறுதி செய்வது இப்போது அந்தப் பெண்ணின் பொறுப்பு. வராவிட்டால் முதல் நாளே போய் "அவர் வர முடியலைம்மா, சனிக்கிழமை வர்றார்" என்று சொல்லிவிட வேண்டும். ஒரு தெருவில் சொன்ன சொல் தவறினால் அடுத்த தெரு வரை செய்தி போய்விடும்.

ஒருவேளை உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியலைங்க ஐயா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்பதே நல்ல பதில். திரும்பப் போவதற்கு அது ஒரு காரணமும்கூட. இரண்டாவது முறை போகிறபோது நீங்கள் புது ஆள் இல்லை.

யாரிடம் எவ்வளவு நேரம்

ஒரு வீட்டை விட்டு வெளியே வந்ததும், கேட்டதை மறப்பதற்கு முன்னால், பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வகை போதும். நம் ஓட்டு, மதில் மேல் பூனை, நமக்கு வராது. இதைப் பூத் கமிட்டிக்காரர்கள் ரொம்பக் காலமாகச் செய்துவருகிறார்கள். ஆனால் புதிதாக வருகிற தன்னார்வலர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மூன்றாவது வகை ஆளைக் கண்டால் அவர்களுக்கு விடவே மனம் வராது. டீக்கடையில் நின்று முக்கால் மணி நேரம் வாதம் செய்வார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ரசிப்பார்கள். ஒரு ஓட்டும் மாறியிருக்காது.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடந்த 49 களச் சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். கட்சிகள் மோதுகிற பொதுத் தேர்தலில், வாக்காளரைத் தொடர்புகொண்டு பேசுவதால் அவர் தேர்வு செய்கிற வேட்பாளர் மாறுகிறாரா என்று பார்த்தால், சராசரியாகப் பலன் பூஜ்யம். அதாவது முடிவு செய்துவிட்டவரைத் திருப்புவது அவ்வளவு கடினம். படித்தபோது எனக்கு இது கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் வழியும் இதிலேயே தெரிகிறது. தேர்தலுக்கு வெகுநாள் முன்பே பேசிய இடத்தில் உடனடியாகக் கொஞ்சம் பலன் தெரிந்தாலும் அது தேர்தல் வரை நிலைக்கவில்லை. கட்சி அடையாளம் இல்லாத போட்டியில் பேச்சுக்கு ஓரளவு பலன் தெரிந்தது. நம் ஊரில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது. அங்கே வாசல் பேச்சு மனதை மாற்ற வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. சட்டமன்றத் தேர்தலில், இருக்கிற நேரத்தை முதல் இரண்டு வகைக்குக் கொடுங்கள். நமக்கு வராது என்று தெரிந்த வீட்டில் "சரிங்கண்ணே, உங்க விருப்பம். வரட்டுமா?" என்று சிரித்த முகத்தோடு விடைபெறுவதுதான் நாகரிகம், புத்திசாலித்தனமும்கூட. தேர்தல் முடிந்த மறுநாளும் அவர் அதே தெருவில்தான் இருப்பார்.

அந்தக் குறிப்பு நோட்டை பத்திரமாக வைத்திருங்கள். யார் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது அவரவர் ரகசியம். உங்களை நம்பிச் சொன்னதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் சங்கடம் வரும். இதில் எந்தச் சமாதானமும் எடுபடாது, செய்யவே கூடாது.

காசு கேட்டால்

"அவங்க ஓட்டுக்கு இவ்வளவு தர்றாங்களாம். நீங்க எவ்வளவு?" இந்தக் கேள்வி வராமல் தமிழ்நாட்டில் ஒரு தெருவை முடிக்க முடியாது. கேட்கிறவரைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். காசு வாங்குகிறவர் எல்லாருமே காசுக்காக ஓட்டுப் போடுவதும் இல்லை. "எங்ககிட்ட அது இல்லைம்மா. கொடுத்தாலும் தப்பு, வாங்கினாலும் தப்பு. நான் உங்ககிட்ட பேசத்தான் வந்திருக்கேன்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, பேச வந்ததைத் தொடருங்கள்.

சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. டோக்கன், கூப்பன், புடவை எல்லாம் இதில்தான் சேரும். பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்தியதும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. உங்கள் சொந்த அணியில் யாராவது கவர் கொடுத்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள், வேட்பாளருக்கு நேரடியாகச் சொல்லுங்கள். எதிர் அணி கொடுத்தால் சண்டைக்குப் போகாமல் 1950 எண்ணுக்கோ சி-விஜில் செயலியிலோ புகார் செய்யுங்கள். செயலியில் வருகிற புகாரை 100 நிமிடத்துக்குள் கவனிக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு.

வாயில் வரக் கூடாதவை

"நம்ம ஆளு நிக்கிறார், பாத்துக்குங்க" என்று சாதியைச் சொல்லிக் கேட்பது பலருக்குப் பழக்கம். மதம், சாதி, இனம், சமூகம், மொழி ஆகியவற்றின் பேரில் ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி முறைகேடு. வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. வேட்பாளரின் சம்மதத்தோடு நீங்கள் அப்படிக் கேட்டீர்கள் என்று நிரூபணமானால் அவர் ஜெயித்ததே செல்லாமல் போகலாம்.

சூடம் ஏற்றி, சாமி படத்தின் மேல் கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்குகிற வழக்கமும் சில இடங்களில் உண்டு. போடாவிட்டால் தெய்வக் குற்றம் வரும் என்று ஒருவரை நம்பவைத்து ஓட்டு வாங்குவது சட்டப்படி தகாத செல்வாக்கு. எதிர் வேட்பாளரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி வதந்தி பரப்புவதும் அப்படியே மாட்டிவிடும். அவருடைய பொதுவாழ்க்கையை, அவர் செய்ததை, செய்யாததைத் தாராளமாக விமர்சிக்கலாம். அவர் வீட்டு விஷயம் நமக்கு வேண்டாம்.

சிலர் ஆர்வத்தில் சொந்தக் காசில் நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். வேட்பாளர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்காமல் அவருக்காகச் செலவு செய்வது குற்றம். அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத நோட்டீஸும் குற்றம். சட்டமன்ற வேட்பாளருக்குத் தமிழ்நாட்டில் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். நீங்கள் அடிப்பதும் அந்தக் கணக்கில்தான் ஏறும். அரசு ஊழியர்கள் எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. குழந்தைகளைக் கொடி பிடிக்க அழைத்துப் போகவும் கூடாது.

சின்னமும் வரிசை எண்ணும்

பேச்செல்லாம் நன்றாகப் போய், கடைசியில் ஓட்டு இடம் மாறிப் போவது உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரோடு இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பெயரை மட்டும் சொல்லி விட்டுவந்தால் என்ன ஆகும்?

சுயேச்சைக்கும் அங்கீகாரம் பெறாத கட்சிக்கும் சிக்கல் இன்னும் கூடுதல். மனு வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகே சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவார்கள். அதிலிருந்து வாக்குப்பதிவுக்கு 14 நாள் இடைவெளி இருந்தால் போதும் என்கிறது சட்டம். அந்த இரண்டு வாரத்தில் புதுச் சின்னத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்ப்பது முழுக்கத் தன்னார்வலர் கையில்தான். இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர்கள் பெயர் முதலில் வரும், பிறகு பதிவு பெற்ற மற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். ஓர் இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பொத்தான்தான். வேட்பாளர்கள் அதிகமானால் இரண்டாவது இயந்திரம் வைப்பார்கள். உங்கள் வேட்பாளர் இரண்டாவதில் இருந்தால் அதை அழுத்திச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் முதல் இயந்திரத்தில் தேடிவிட்டுக் குழம்பிப்போவார்கள். "ரெண்டாவது பெட்டி, மேலருந்து மூணாவது, இந்தச் சின்னம்" என்று கையில் படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அழுத்தியதும் பக்கத்தில் இருக்கிற பெட்டியின் கண்ணாடியில் 7 விநாடி சீட்டுத் தெரியும், அதையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். அதற்குப் படிவம் 12டி-யைத் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பல வீடுகளுக்கு இது தெரியவே தெரியாது. யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் சொல்லுங்கள். உங்களுக்கு ஓட்டு வராவிட்டாலும் நல்ல பெயர் வரும்.

போன், வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழுவில் நூறு செய்தி அனுப்புவதைவிட, வேலைக்காகச் சென்னையிலோ திருப்பூரிலோ கோவையிலோ இருக்கிற நம் தெருக்காரர்கள் இருபது பேருக்கு நீங்களே போன் செய்து "ஓட்டுக்கு ஊருக்கு வர்றியாடா?" என்று கேட்பது எவ்வளவோ மேல்.

கடைசி இரண்டு நாளும் வாக்குப்பதிவு நாளும்

வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் ஓய்ந்துவிடும். கூட்டம், ஊர்வலம், மைக் எதுவும் கிடையாது. அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லாத வெளியூர்ப் பிரசாரகர்கள் கிளம்பிவிட வேண்டும். சத்தமில்லாமல், கும்பல் சேர்க்காமல் வீட்டுக்குப் போய்ப் பேசுவதற்குத் தடை இல்லை. இந்த நேரத்தில் புதிதாக யாரையும் மாற்றப் பார்க்காதீர்கள். "நம் ஓட்டு" என்று குறித்த வீடுகளுக்கு மட்டும் போங்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எத்தனை மணிக்குப் போறீங்கக்கா? யாரோட போறீங்க? வேலைக்குப் போறதுக்கு முன்னாடியா, வந்தப்புறமா?" 2008இல் பென்சில்வேனியாவில் நடந்த ஓர் ஆய்வில், எப்போது போவீர்கள், எங்கிருந்து போவீர்கள், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று தொலைபேசியில் கேட்டதாலேயே வாக்குப்பதிவு சுமார் 4 சதவீதப் புள்ளி கூடியது. ஒரே ஒரு வாக்காளர் இருக்கிற வீடுகளில் அந்தப் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. வாய்விட்டு ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் மனம் அதற்குத் தயாராகிவிடுகிறது.

அடையாள ஆவணத்தையும் அன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் போன்றவை செல்லும். ரேஷன் கார்டு செல்லாது. பூத் சிலிப்பை மட்டும் காட்டினாலும் விட மாட்டார்கள். உங்கள் அணி கொடுக்கிற சிலிப் வெறும் வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும், அதில் வேட்பாளர் பெயரோ கட்சிப் பெயரோ சின்னமோ இருக்கக் கூடாது.

வாக்குப்பதிவு அன்று சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கவே கூடாது. உங்கள் அணியின் மேசையும் அந்த 100 மீட்டருக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். வாக்காளர்களை வேட்பாளர் செலவில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் குற்றம், ஆர்வக்கோளாறில் ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். மத்தியானம் 3 மணிவாக்கில் நோட்டை எடுத்து, நம் ஓட்டு என்று குறித்தவர்களில் யார் இன்னும் போகவில்லை என்று பாருங்கள். பூத் ஏஜெண்டிடம் கேட்டால் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று தெரியும், மிச்சத்தை வீட்டு வாசலில் போய்ப் பார்த்துவிடலாம். தூங்கிக்கொண்டிருப்பார், வயலில் இருப்பார், "கூட்டமா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன்" என்பார். வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடிகிறது என்றால், 6 மணிக்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டவர் எல்லாருக்கும் டோக்கன் கொடுத்து, இரவு எவ்வளவு நேரமானாலும் ஓட்டுப் போட விடுவார்கள். அதனால் ஐந்தரை மணிக்கு ஒருவர் "இனிமே போய் என்னத்த" என்று சலித்துக்கொண்டால், செருப்பைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பச் சொல்லுங்கள்.